கரம்பை போட்ட கொட்டகை

முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டிக்கும் பசுவந்தனைக்கும் நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவன் நான். கண்டக்டர் பூவனநாதன் என்றால் அந்த வழியில் பாதிப் பேருக்குத் தெரியும். விதைப்பு, களையெடுப்பு, மாட்டு வைத்தியம் என்று பயணிகள் பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு, ஓய்வு பெறும்போது நானும் ஒரு சம்சாரி, முழு விவசாயி, ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு ஆதாரமாக நான் பார்த்த உழவு வேலை, ஜன்னல் வழியாகப் பார்த்தது மட்டும்தான்.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் கரிசல் காடும் ஒரு ஓட்டு வீடும் இருந்தன. வீட்டை ஒக்கிட்டுக் குடிவந்து, எட்டுச் செம்மறிப் பெட்டைகள் வாங்கினேன். என் மனைவி பொன்மணிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் ஹரி எங்களுக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தான். பேத்தியோடு அங்கே இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையை ஆடுகள் எல்லாம் தாண்டிவிட்டால் இங்கேயே இருப்பது. ஆடோ குட்டியோ ஒன்று செத்தாலும் மூட்டை கட்டுவது. ஹரி போனில் சாட்சி.

புரட்டாசி பிறந்ததும் ஏற்பாடுகளில் இறங்கினேன். ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, முடிக்க முடிக்க டிக் அடித்தேன். நீலநாக்கு நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று. குடல்புழு மருந்து கொடுத்தாயிற்று. வளர்ந்திருந்த குளம்புகளை வெட்டிவிட்டாயிற்று. அதில் என் விரல் நகமும் ஒன்று போயிற்று. கடலைக்கொடியும் சோளத்தட்டையும் வாங்கிப் படப்பாக அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டினேன். ஒவ்வொரு டிக்குக்கும் பொன்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புரட்டாசி முடியும் சமயம் ஒரு நாள் அவள் நோட்டைப் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்துவிட்டு, காதில் வெட்டு உள்ள பெட்டை பத்து நாளில் ஈன்றுவிடும் போலிருக்கிறதே என்றாள். இன்னும் ஒரு மாசம் ஆகும் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

மிஞ்சி இருந்தது கொட்டகைத் தரை. பள்ளமாக இருந்ததை மேடாக்க வேண்டும். கோடையில் காட்டுக்கு உரமாக என்று கண்மாயிலிருந்து அடித்த கரம்பை வண்டல் மண் ஒரு டிராக்டர் கிடந்தது. அதையே கொட்டகையில் பரப்பி, தண்ணீர் தெளித்து, நானே மிதித்துச் சமப்படுத்தினேன். காய்ந்ததும் சிமெண்டுத் தரை மாதிரி கிண்ணென்று இருந்தது. ஊரிலேயே நிறைய ஆடு வைத்திருக்கும் இசக்கிபாண்டி அந்தப் பக்கம் வந்தவர், குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல சரளை அடிச்சிருங்க. கரம்பை நனைஞ்சா ஆட்டை விடாது பாத்துக்கிடுங்க."

மேலே தகரம் இருக்கும்போது எப்படி நனையும் என்று கேட்டேன். மேற்குப் பக்கத்தையும் தட்டி வைத்து அடைத்திருப்பதைக் காட்டினேன். ஆடியில் மேல்காற்று புழுதியை வாரிக் கொட்டியதை நான் மறக்கவில்லை. கரிசலில் பிறந்தவனுக்குக் கரம்பையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். அவர் கிழக்குப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே போய்விட்டார். பாராட்டித்தான் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை கிழக்கே இருந்து வரும் என்பது கரிசலில் கைப்பிள்ளைக்கும் தெரியும். நான் திறந்து வைத்திருந்தது கிழக்கு. ஐப்பசி பிறந்த வாரமே இரண்டு நாள் விடாமல் சாரல் உள்ளே அடித்தது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஆடுகள் ஒரு தினுசாகக் கத்துவதைக் கேட்டுக் குடையோடு போனேன். தரை பிசைந்த மாவாகி இருந்தது. எட்டு ஆடும் முழங்கால் வரை புதைந்து, கால் எடுக்க முடியாமல் நின்றன. காது வெட்டுப் பெட்டை ஈன்றிருந்தது. குட்டி மூஞ்சி சேற்றில் பதிய விழுந்து, மூச்சில்லாமல் கிடந்தது.

ஓடினேன். ஓடினேன் என்று சொல்லக்கூடாது. செருப்பு இரண்டும் சேற்றில் நின்றுவிட, நான் மட்டும் முன்னால் போய் விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்த பொன்மணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனாள். பெட்டைக்கு இன்னொரு குட்டி வந்துகொண்டிருந்தது. அது தரையில் விழுமுன் முந்தானையில் ஏந்தி, மூக்கில் இருந்த கோழையை விரலால் வழித்து எடுத்தாள். குட்டி தும்மியது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோனேன். பிடுங்கி என்பதுதான் சரியான சொல். மத்தியானம் பார்த்தால் ஹாலில் எட்டு ஆடு, டிவிக்கு முன்னால் கடலைக்கொடி. செத்த குட்டியை ஓடை ஓரம் புதைத்தேன். குழி தோண்டும்போது அழுகை வந்தது. என் வாய்க்கொழுப்பு தவிர அதன் சாவுக்கு வேறு காரணமே கிடையாது. ஹரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு மூட்டை கட்டுவது என்று முடிவு செய்தேன். பொன்மணிக்குச் செய்யக்கூடிய நியாயம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். மழைச் செய்தி பார்த்திருக்கிறான். நான் தொண்டையைச் செருமி, "ஹரி, ஒரு விஷயம்" என்று தொடங்கினேன். தாய் பால் கொடுக்காத குட்டியை மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்த பொன்மணி போனை என் கையிலிருந்து வாங்கினாள். ஸ்பீக்கரில் அவன் ஆடுகள் எப்படி என்று கேட்டான். எட்டுக்கு ஒன்பது இருக்கிறது என்றாள். சாவு ஒன்றும் இல்லையே என்றான்.

"இல்லைய்யா. எல்லாம் நல்லாருக்கு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கோயம்புத்தூர் போகத்தானே ஆசைப்பட்டாய், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் குட்டியின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"ரெண்டு மாசம் பாலு குடிக்கணும் இது. உங்கள நம்பி விட்டுட்டுப் போவ முடியுமா? நீங்க வேணா ஹரிகிட்ட போயி இருங்க. எனக்கும் ஒரு வேலை குறையும்."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.