நாலு வாளித் தரைக்கு ரெண்டு வாளி

அவள் தரை போடுகிறவள். சிமெண்ட் தளத்தின்மேல் ரெசின் என்ற பிசின் குழம்பை ஊற்றிக் கண்ணாடிபோல் இழுத்துவிடுவாள். அவள் போட்ட தரையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார்கள். விழுந்த ஈ ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போயிற்று.

பதினோரு வருடம் ஒரு முதலாளியிடம் வாளி தூக்கினாள். "பொம்பளைங்க வாளி தூக்கலாம், தரை போட முடியாது" என்று தினமும் சொல்வார் அவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். முதல் வேலை ஒரு டாக்டரம்மாவின் புதுக் கிளினிக். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை முடித்துக்கொடுத்தாள். அடுத்தது முன்கூடம்.

"மூணு மணிக்கு வந்து பார்ப்பேன். கூடம் ஒழுங்கா வந்தா மீதி எட்டு ரூமும் உனக்கு. இல்லன்னா உன் பழைய முதலாளியைக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டரம்மா.

கூடம் இருபதடிக்கு இருபதடி. சின்ன அறைக்கு ஒரு வாளி ஆனது. இது அதைவிட இரட்டிப்பு. அதனால் ரெண்டு வாளி வாங்கி வந்தாள். மணி இரண்டு. முதல் வாளி ரெசினில், அதை இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்றி நாத்தனார் கலக்கினாள். கலந்துவிட்டால் அரைமணி நேரம்தான். அப்புறம் வாளியோடு கல்லாகிவிடும்.

கலக்கிக்கொண்டே கூடத்தைப் பார்த்த நாத்தனாரின் கை நின்றது.

"அண்ணி, அந்தச் சின்ன ரூமைத் தூக்கிட்டு வந்து இங்க வச்சா, நாலு ரூம் வைக்கலாம்போல இருக்கே?"

அவள் விரலால் காற்றில் கட்டம் போட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு. நீளம் மட்டுமா இரட்டித்தது? அகலமும்தானே கூடவே இரட்டித்தது! கடைக்குப் போய்வர ரெண்டு மணி நேரம். வாளி அதற்குள் சூடேற ஆரம்பித்திருந்தது.

"மெல்லிசா இழுத்துடலாமா அண்ணி?"

"ஒரே மாசத்துல அப்பளமா உரிஞ்சுடும்டி."

"பாதியோட நிறுத்திட்டா?"

"நேர்க்கோட்டுல பாதி நின்னா, சரக்கு தீந்துபோச்சுன்னு குழந்தைகூடச் சொல்லும். அந்த முதலாளி சொன்னது சரின்னு ஆயிடும்."

இடுப்பில் இருந்த சதுரத் துணியை உருவித் தரையில் விரித்தாள். நாலு முனையையும் நடுவுக்கு மடித்தாள். முனைகள் இடுக்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே சாய்ந்த ஒரு சதுரம் நின்றது.

"மடிச்ச நாலு மூலையும் இந்தச் சதுரத்தை அப்படியே மூடுது பாத்தியா? அப்ப இது பாதி. நானூறுல எரநூறு. நம்ம ரெண்டு வாளி! கொட்டுடி நடுவுல!"

"கணக்கு இப்பவாவது சரியா அண்ணி?"

"வாயை மூடிட்டு இழு!"

ஈரத்தில் தடம் பதியாத முள் செருப்போடு நாத்தனார் உள்ளே இறங்கி இழுத்தாள். இவள் ஒவ்வொரு சுவரின் நடுவையும் குறித்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுண்ணப்பொடி தோய்த்த நூலைச் சுண்டி, கோட்டோரமாகக் காகித டேப்பை ஒட்டிக்கொண்டே ஓடினாள். நாலாவது டேப் ஒட்டும்போது ரெசின் அரையடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது வாளியைக் கலந்து ஊற்றினார்கள். கடைசி முனையில் ஓர் உள்ளங்கை அளவு வெறும் சிமெண்ட் தெரிந்தது. வாளியைக் கவிழ்த்துப் பிடித்துச் சுரண்டினாள். நூலாக இறங்கியது. பிறகு சொட்டு. கடைசிச் சொட்டு டேப்பைத் தொட்டபோது வாசலில் காலடிச் சத்தம்.

டாக்டரம்மா மூலையோரக் கதவருகே நின்று பார்த்தார். சாம்பல் நிறத்தில் பளபளவென்று சாய்சதுரம். நாலு மூலையிலும் வெறும் சிமெண்ட்.

"டிசைன் நான் கேக்கலையே?"

நாத்தனார் முந்திக்கொண்டாள்: "இதுதாங்க இப்ப புதுசு..."

"புதுசும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா" என்றாள் இவள். "சரக்குல தப்புக் கணக்குப் போட்டுட்டேன். நாளைக்கு நாலு மூலைக்கும் வேற கலர் போட்டுடறேன். ஒட்டுன எடம் பிசிறு இல்லாம நிக்கும்."

டாக்டரம்மா குனிந்து டேப் ஓரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணால் ஓட்டினார். ஒரு நெளிவும் இல்லை. பைக்குள் கைவிட்டு ஒரே ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"மூலைக்குப் பச்சை போடு. அப்புறம் எக்ஸ்ரே ரூம். எட்டும் மொத்தமா இல்ல, ஒவ்வொண்ணாத்தான் தருவேன். கலக்கறதுக்கு முன்னாடி கணக்கை என்கிட்ட காட்டணும்."

"சரிங்கம்மா" என்று சாவியை வாங்கினாள். விரல்களில் ரெசின். சாவி ஒட்டிக்கொண்டது.