எதிர்வரிசையின் உதடுகள்

என் செவிகள் என்னை ஒரே நாளில் கைவிடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு பண்டகசாலையில் நான் எழுத்தராக இருந்த காலத்தில், மெல்லிய ஒலிகளே முதலில் போயின. தாளிக்கும் கடுகின் ஓசை போயிற்று. பிறகு மனைவியின் குரல் போயிற்று. படகுத்துறையில் ஊதும் சங்கு மட்டும் நெடுநாள் நின்றது. எறணாகுளத்து மருத்துவர், நரம்பு பட்டுவிட்டது என்றும், பெட்டியும் கம்பியுமாக விற்கிற கருவியால் எனக்குப் பயனில்லை என்றும் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் காலந்தள்ளுவதற்கும் ஓர் உழைப்பு வேண்டியிருந்தது. பிறர் சிரித்தால் சிரிப்பேன். பிறர் பெருமூச்சு விட்டால் நானும் விடுவேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நெடுநேரம் ஏதோ சொல்லி நிறுத்த, "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவருடைய தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த செய்தியை அவர் சொல்லியிருந்தார் என்பதை மறுநாள் மனைவி வந்து தெரிவித்தாள். அப்போதும் நான் திருந்தவில்லை. என்னைத் திருத்தியது பஜனை மடம்.

ஏகாதசிதோறும் மாலையில், எங்கள் தெருத் தமிழர் மடத்தில் கூடிப் பாசுரங்களைச் சொல்வோம். இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்ந்து, ஒரு பாசுரத்தை ஒரு வரிசையும் அடுத்ததை மறு வரிசையும் சொல்வது முறை. வரிசைத் தலைவர் முதற்சொல்லை எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டாம் வரிசையின் தலைமை இருபத்தாறாம் வயதிலிருந்து என்னுடையது. எதிர்வரிசைக்குத் தலைவர் கடைவீதியில் கயிற்று வியாபாரம் செய்த பெரியவர். எங்கள் மடத்துக்கென்று இன்னொரு வழக்கமும் உண்டு: கற்பூர ஆரத்தி வரும்போது எந்தப் பாசுரம் நடக்கிறதோ, அதையே மறுமுறையும் சொல்லவேண்டும்.

நான் கண்களை மூடியே பாடுவேன். மூடினால்தான் திருவடி தொடங்கித் திருமுடி வரையில் பெருமாளின் திருமேனி உள்ளே வந்து நிற்கும். காது மங்கிய பின், எதிர்வரிசை ஒரு பாசுரத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை மனத்தில் அளந்து என் முறையைத் தொடங்கிவந்தேன். அவ்வாறே ஓர் ஏகாதசியன்று அளந்து தொடங்கினேன். ஆரத்தி வந்துவிட்டதும், எதிர்வரிசையார் தங்கள் பாசுரத்தை மறுமுறை எடுத்திருந்ததும் எனக்குத் தெரியாது. அவர்கள் பாட்டின் நடுவே என் குரல் முழங்கியிருக்கிறது. என் வரிசையில் பாதிப்பேர் என்னோடு வந்தார்கள், பாதிப்பேர் வாயடைத்தார்கள். யாரோ தொடையைத் தட்டக் கண் திறந்தேன். சுடர் தட்டில் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை முகங்களும் என்னைப் பார்த்திருந்தன.

முடிந்ததும் கயிற்றுக்கடைப் பெரியவர் என் காதருகே வந்து கத்தினார். அவ்வளவு கிட்டத்தில் கத்தினால் அப்போது கொஞ்சம் கேட்கும்.

"என்ன ஓய், ஒரு தடவை சொன்னாப் போறும்னு பெருமாள் உம்மகிட்ட மட்டும் வந்து சொன்னாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். மடத்துக் காரியஸ்தர் சிரிக்கவில்லை. அவரும் என் காதருகே குனிந்து கத்தினார்.

"வயசானா இப்படி ஆறதுதான். இனிமே பின்னாடி உக்காந்து மெல்லச் சொல்லிக்கோங்கோ. தலைமைக்கு வேற ஆளைப் பாக்கறோம்."

"எனக்கு நாப்பதுகூட ஆகலை," என்றேன். "காது போயாச்சு. ரெண்டு வருஷமா உங்ககிட்ட எல்லாம் மறைச்சேன். தப்பு என்னோடது. மார்கழி ஏகாதசி வரைக்கும் விடுங்கோ. அன்னிக்கும் தப்பினா நானே எழுந்து பின்னாடி போறேன்."

சொல்லிவிட்ட பிறகு ஒரு சுமை இறங்கியது உண்மை. மறுநாள் காலை, சாயாக்கடைச் சேட்டனிடமும் அதையே சொன்னேன்: என்னோடு பேசவேண்டுமானால் முகத்துக்கு நேரே பேசவேண்டும். அவர் கையிலிருந்த குவளையை வைத்துவிட்டு, என் எதிரே குனிந்து, வாயை அகலத் திறந்து, "சாமிக்கு சாயா வேணோ?" என்று கேட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. நானும் வாயை அகலத் திறந்து, "வேணும்" என்றேன்.

மாலைகளில் அடுக்களையில் பயிற்சி. மனைவி விளக்கின் பின்னே அமர்ந்து ஒலியில்லாமல் பாசுரம் சொல்வாள். அவள் முடித்த இடத்தில் நான் எடுக்கவேண்டும். வேண்டுமென்றே இடையில் நிறுத்துவாள், சொன்னதையே திருப்புவாள், சொல்வதுபோல வெறுமனே வாயசைப்பாள். பழக்கத்தில் என் இமைகள் தாழ்ந்தால் கையால் தரையைத் தட்டுவாள்.

"கண்ணை மூடிண்டா நான் எழுந்து போயிடுவேன். அடுப்பிலே சாதம் இருக்கு, பாத்துக்கோங்கோ."

கண்ணைத் திறந்து பாடுவது எனக்கு எளிதாக இல்லை. உள்ளே வந்து நின்ற திருமேனிக்குப் பதிலாக மனைவியின் பற்களும், சுவரில் தொங்கிய முறமும் தெரிந்தன. சில நாள் பாசுரம் வெறும் மனப்பாடமாக வறண்டது. அந்த உட்காட்சியைக் கொடுத்தால்தான் பாட்டு மிஞ்சும் என்றால் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மார்கழி ஏகாதசியன்று முன்னதாகவே மடத்துக்குப் போய், தொங்குவிளக்கை எதிர்வரிசையின் மேல் நகர்த்தி மாட்டினேன். பெரியவருக்குக் கோபம்.

"எங்க மூஞ்சிக்கு எதுக்கு ஓய் தீபம்? நாங்க என்ன உற்சவ மூர்த்தியா?"

"இன்னிக்கு ஒரு நாள் குனியாமப் பாடுங்கோ. உங்க வாய் எனக்குத் தெரியணும்."

"முப்பது வருஷமாக் குனிஞ்சுண்டு பாடறேன்," என்று முணுமுணுத்தார். இருந்தும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆறு பாசுரங்கள் பிழையின்றிச் சென்றன. ஏழாவது அவர்களுடையது. பாதியில் ஆரத்தி வந்தது. அடுக்களைப் பயிற்சியில் நான் எண்ணிப்பாராத ஒன்று அப்போது நடந்தது. சேவிக்க வந்தவர்கள் கைகூப்பி எழுந்து இரு வரிசைகளுக்கும் நடுவே நின்றுவிட்டார்கள். கற்பூரப் புகையும் சேர்ந்துகொண்டது. உதடுகள் மறைந்தன. இரண்டு முதுகுகளின் இடுக்கில் பெரியவரின் வலத்தோள் மட்டும் தெரிந்தது. அதையே பார்த்தேன். அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கும்போது அந்தத் தோள் ஏறி இறங்கியது. முதல்முறை முடிந்து, சற்றே நின்று, மீண்டும் ஏறியது. மறுமுறை தொடங்கிவிட்டது என்று கண்டுகொண்டேன். பாசுரத்தின் நாலு அடிகளையும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன். தோள் தாழ்ந்து அசையாமல் நின்றது. எட்டாம் பாசுரத்தின் முதற்சொல்லை எடுத்தேன்.

என் குரல் எனக்குக் கேட்கவில்லை. பக்கவாட்டில் என் வரிசையின் வாய்கள் அனைத்தும் என்னோடு திறந்ததைக் கண்டேன்.

பிரசாதத் தொன்னையோடு பெரியவர் என் முன் வந்து அமர்ந்தார். இம்முறை காதருகே வரவில்லை. முகத்துக்கு நேரே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இடம் தப்பலை. சுருதிதான் படகேறி அக்கரை வைப்பினுக்குப் போயிடுத்து."

"அப்போ நீங்க அதைப் பாத்துக்கோங்கோ. நான் உசந்தாக் கையைத் தாழ்த்துங்கோ, தாழ்ந்தாத் தூக்குங்கோ."

அவர் காரியஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். காரியஸ்தர் தொன்னையை வழித்துக்கொண்டே, "பாத்து வேகமாக் கையைக் காட்டும் ஓய்," என்று அவரிடமே சொன்னார்.

அடுத்த ஏகாதசியிலிருந்து நான் பாடும்போதெல்லாம் பெரியவரின் உள்ளங்கை முழங்காலுக்கு மேலே ஏறியும் இறங்கியும் அசைந்துகொண்டிருந்தது. பல வேளைகளில் அது வெகு கீழே போகும்.