தெரியாதக்கா

அந்த நாணயக் கடையில் விற்பது அண்ணன் வேலை. பார்த்துச் சொல்வது தங்கை வேலை. மூட்டை மூட்டையாக வரும் பழைய ரோமானிய வெண்கலக் காசுகளின் களிம்பை நீக்கி, எந்த அரசன், எந்த நாணயச்சாலை, எந்தக் காலம் என்று சின்ன அட்டையில் எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவாள். முன்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள். நிழலில் கோடு தேடிய கண் இங்கேயும் உதவியது. நாற்பத்தாறு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதற்கு யாருக்கும் விளக்கம் சொன்னதுமில்லை. கடைக்கு மேலேயே அண்ணன் அண்ணியோடு குடியிருந்தாள்.

அவள் எழுதும் அட்டைகளில் பாதிக்குப் பாதி 'தெரியாது' என்றே இருக்கும். எழுத்து தேய்ந்து வழவழத்த காசுக்கு வேறென்ன எழுதுவது? எரிச்சலில் அண்ணன் வைத்த பேர்தான் 'தெரியாதக்கா'. வாடிக்கையாளர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

ஒருமுறை வந்த காசு அவளையே ஆட்டிவைத்தது. கட்டைவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் இளவரசன் முகம். மறுபக்கம் இரண்டு வீரர்கள், நடுவே ஒரு கொடி. முகத்தைச் சுற்றி ஓடிய எழுத்தில் பேரின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது: TIVS. அந்தக் காலத்தில் U-வையும் V என்றுதான் வெட்டுவார்கள். அந்தக் காலத்து இளவரசர்களில் அப்படி முடிகிற பேர் இரண்டு பேருக்கு. ஒருவன் கான்ஸ்டான்டியஸ், அவன் காசு கூடை கூடையாகக் கிடைக்கும். இன்னொருவன் டெல்மாத்தியஸ், அவனுடைய சித்தப்பா மகன். பட்டம் கட்டி இரண்டு வருஷத்துக்குள் கொன்றுவிட்டார்கள். அவன் காசு அபூர்வம். இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

ஒரு வாரம் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். T-க்கு முந்தின எழுத்து A என்றால் டெல்மாத்தியஸ். N என்றால் கான்ஸ்டான்டியஸ். அந்த இடத்தில் இருந்ததோ வலப்பக்கம் இறங்கும் ஒற்றைச் சாய்வுக்கோடு. A-யின் வலது காலாகவும் இருக்கலாம், N-ன் நடுக்கோடாகவும் இருக்கலாம். புத்தகப் படங்களோடு ஒப்பிட்டாள், ஒன்றும் பிடிகொடுக்கவில்லை. டெல்மாத்தியஸாகவே இருந்துவிடக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் அட்டையைப் பார்த்ததும் குதித்தான்.

"ஒரு கோடுதானே? A-ன்னு போடேன். யார் வந்து கேக்கப் போறாங்க?"

"போட மாட்டேன்."

"அப்ப N-னு நிச்சயமா சொல்லுவியா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"பின்ன நீ எதுக்குத்தான் இங்க இருக்க?"

"இதைச் சொல்லத்தான்."

அண்ணன் தானே 'டெல்மாத்தியஸ்' என்று அட்டை எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தான். மறுநாள் பல் டாக்டர் வந்தார், ரொம்பநாள் வாடிக்கை. காசை ஆசையாகப் பார்த்தவர், அட்டையின் அடியைத் தேடினார்.

"அக்கா கையெழுத்து இல்லையே?"

"அவசரத்துல விட்டுட்டா டாக்டர்," என்றான் அண்ணன்.

மூலை மேஜையிலிருந்து அவள் தலை தூக்காமலே சொன்னாள்: "விடலை டாக்டர். போட மாட்டேன்னுட்டேன். அது யாருன்னு தெரியாது."

டாக்டர் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணனுக்கு முகம் கறுத்தது.

"நாளையிலேருந்து நீ கடைக்கு இறங்க வேணாம்."

"அப்பா ரெண்டு பேர் பேர்லயும் எழுதி வச்ச கடை. இறங்குவேன்."

இறங்கினாள். அவன் அட்டைக்குப் பக்கத்தில் தன் அட்டையை வைத்தாள். அவன் கசக்கி எறிந்தான். இன்னொன்று எழுதி வைத்தாள். அதையும் எறிந்தான். அவளிடம் அட்டைக்கா பஞ்சம்? பேச்சு நின்றுபோனது. "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க அண்ணி" என்று அண்ணி வழியாகத்தான் எல்லாம்.

இருவருக்கும் நடுவில் நொந்துபோன அண்ணி, துணி மடிக்கும்போது கேட்டாள். "ஒரு தடவை விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சிடுவ? உனக்கும் அது அவனா இருக்கணும்னு ஆசைதானே?"

"ஆசைதான் அண்ணி. அதான் பயமே. ஆசைப்பட்டதை எழுத ஆரம்பிச்சா, அப்புறம் என் அட்டையை நானே நம்ப மாட்டேன்."

அண்ணி மடித்த துணியைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்ப் புருஷனிடம், "இனிமே அவ அட்டைல கை வச்சீங்க, சமையலையும் நீங்களே பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் ஒரே காசுக்கு இரண்டு அட்டை நின்றது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. கேள்விப்பட்டுப் பல் டாக்டர் திரும்பி வந்தார். இரண்டையும் படித்துச் சிரித்தார்.

"ரெண்டு அட்டையோடயும் குடுங்க. ஆனா விலை அக்கா அட்டைக்குத்தான்."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டலம் கட்டினான்.

போகிற போக்கில் டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். "எனக்கு மட்டும் சொல்லுங்கக்கா. உங்க மனசுல அது யாரு?"

"மனசுல இருக்கறது விற்பனைக்கில்ல டாக்டர்."

அவர் படி இறங்கியதும் அண்ணன் பேசத் தொடங்கினான், திட்டத்தான். அவளும் சளைக்காமல் திருப்பித் திட்டினாள். சத்தம் மாடிவரை கேட்டது. ஒருவழியாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அண்ணிக்கு மூச்சு வந்தது.

"அடுத்ததையாவது ஒழுங்கா எழுதித் தொலை!"

"தெரிஞ்சா எழுதறேன்!"