பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அமெரிக்கக் கார்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி நம் நாட்டில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டு போய்ச் சில வருடங்களாகின்றன. எங்கள் தெருவில் அதற்கு 'அப்பன் விட்டுட்டுப் போன வண்டி' என்று பெயர். பழைய வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, இதைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்.

எனக்குக் கார்ப் பைத்தியம் காலேஜ் பஸ்ஸில் ஆரம்பித்தது. தினமும் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போய்வருவேன். ட்ரெய்லர் லாரிகளில் இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் புதுக் கார்களைப் பார்த்ததும் எது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று தெரியும்.

கதவைச் சாத்தினால் தகர டப்பா மூடுகிற சத்தம் வரக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் வண்டிக் கதவு அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல் 'தொம்' என்று சாத்தும். வேகம் கூடக் கூட ஸ்டீரிங் கைக்குக் கனமாகும். பெரிய ரோட்டில் காற்று தள்ளினாலும் வண்டி நகராது. குறை இல்லாமல் இல்லை. மைலேஜ் குறைவு. சைடு மிரர் உடைந்தால் புதியது வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும். மற்ற வண்டிகளில் வலது கைப்பக்கம் இருக்கும் இண்டிகேட்டர் இதில் இடது கைப்பக்கம் இருக்கிறது. வாங்கி இத்தனை நாளாகியும் என் கணவர் வளைவில் திரும்பும்போது இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் போடுகிறார். காமாட்சியம்மன் சன்னதித் தெருவில் கொளுத்துகிற வெயிலில் எங்கள் வைப்பர் கறகறவென்று ஓடும். ஆட்டோக்காரர்கள் தலையை வெளியே நீட்டி, "மழ வருதா சார்?" என்று கேட்பார்கள்.

மகளுக்குச் சோறு ஊட்டும்போது அமெரிக்காவில் கார் ஓட்டுகிற வீடியோக்களைப் பார்ப்பேன். யாருமே இல்லாத நாற்சந்தியில், நிறுத்தச் சொல்லும் பலகைக்கு மரியாதை கொடுத்து ஒருவர் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு எடுப்பார். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூங்கில் மண்டபம் சந்திப்பில் அப்படி நின்றால் பின்னால் இருப்பவர் இறங்கி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்.

ஆனால் அவர்களுடைய பெரிய பிக்கப் வண்டிகள் எனக்குப் பிடிப்பதில்லை. பால் வாங்கப் போக எதற்கு அவ்வளவு பெரிய வண்டி? ஒரு வீடியோவில் அந்த வண்டியின் முன்னால் ஒரு சின்னக் குழந்தையை நிற்க வைத்துக் காட்டினார்கள். ஓட்டுபவர் இடத்திலிருந்து பார்த்தால் குழந்தை தெரியவே இல்லை. நான் போனைக் கீழே வைத்துவிட்டு, மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தும், அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருக்கிற குழந்தையை அத்தனை பத்திரமாகக் கட்டுகிறவர்கள், வெளியே நிற்கிற குழந்தை கண்ணில் படாத உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். இதை யாரிடம் சொல்வது?

மகளுக்கு நான்கு வயது. அவளுக்கு என்று பின்சீட்டில் ஒரு குழந்தை சீட்டு வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். நானும் அவளும் மட்டும் போகும்போது அதில் உட்காருவாள், பாட்டுப் பாடுவாள், தூங்குவாள். அண்ணி வந்தால் எல்லாம் மாறிவிடும்.

அண்ணி என்று நான் கூப்பிடுவது என் கணவரின் மூத்த அக்காவை. அடுத்த தெருவில் இருக்கிறார். அம்மா இல்லாத வீட்டில் என் கணவரை வளர்த்தவர். அதனால் காரில் முன்சீட்டு அவருடையது. மகள் அவர் மடியில். முன்பக்கம் ஏர்பேக் இருக்கிறது, அது வெடித்தால் மடியில் இருக்கிற குழந்தைக்குத்தான் முதல் அடி என்று கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "நீயே அக்காகிட்ட சொல்லேன்" என்பார். அவராலும் முடியாது என்பது எனக்குப் புரிகிறது.

பெல்ட்டும் உண்டு, ஆனால் எங்கள் ஊர் முறையில். இந்த ஊர்ப் பெண்கள் பட்டுக் கட்டிக்கொண்டு பெல்ட் போட மாட்டார்கள். கல்யாண வீட்டில் இறங்கும்போது முந்தானை மடிப்பின் குறுக்கே பெல்ட் தடம் விழுந்திருந்தால், இது காஞ்சிபுரம் பட்டுதானா என்று கேட்பார்களாம். போடாவிட்டால் வண்டி கீய்ங் கீய்ங் என்று கத்தும். அதனால் பெல்ட்டை முதலில் மாட்டிவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். பெல்ட் முதுகுக்குப் பின்னால், வண்டிக்கும் சந்தோஷம், சேலைக்கும் சந்தோஷம். நானும் என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஆடியில் அப்படித்தான் உட்கார்ந்து போனேன்.

ஆவணியில் திருப்புட்குழி பெருமாள் கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். காலையில் கணவர் ஓட்ட, அண்ணி அரக்குப் பட்டில் முன்னால், மகள் பாவாடை சட்டையில் அவர் மடியில், நான் பின்னால் காலியான குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில். பாலுசெட்டி சத்திரம் வரைக்கும் எதிர்த்திசையில் வந்த ஒவ்வொரு பைக்குக்கும் நான் என் வலது காலை அழுத்தினேன். பின்சீட்டில் எங்கே பிரேக் இருக்கிறது? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு எப்போதும் பயம். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு பயணமும் அவர்கள் பக்கத்துச் சாட்சி.

சாப்பாடு முடிந்தது. கணவர் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலைக்கு நின்றுவிட்டார். "நீ காரை எடுத்துக்கினு போ, நான் பின்னாடி வரேன்" என்றார். அப்போது எனக்குள் ஏதோ எழுந்தது. ஓட்டப் போவது நான். என் கையில் சாவி.

அண்ணி முன்கதவைத் திறந்து, பெல்ட்டை மாட்டி, அதன்மேல் உட்கார்ந்து, கையை நீட்டினார். "வாடி ராஜாத்தி, அத்த மடிக்கு."

"அண்ணி, பாப்பா பின்னாடி அவ சீட்ல உக்காரட்டும்."

"காலைல எங்க உக்காந்தா?"

"காலைல அவரு ஓட்டினாரு."

"இன்னாமா சொல்ற? அவன் ஓட்டினா மடி, நீ ஓட்டினா கட்டிப் போடணுமா?" பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அமெரிக்காவுல எல்லாம் மடியில வெக்கவே விட மாட்டாங்க அண்ணி."

சொன்னதுமே தவறு என்று தெரிந்தது. அண்ணி அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். நான் வீடியோவில் பார்த்த ரோடுகளில் அவர் போயிருக்கிறார்.

"எனக்கே அமெரிக்கா சொல்றியா?" என்று இறங்கினார். "எம் பேத்தி கைக்கொழந்தை. பின்னாடி பாத்தாப்ல கட்டிப் போட்டாங்க. அது மூஞ்சி எங்களுக்குத் தெரியாது, எங்க மூஞ்சி அதுக்குத் தெரியாது. வழி பூரா அழுவுது. நிறுத்துடின்னா, 'இது ஃப்ரீவேம்மா, இங்க நிறுத்தக் கூடாது'ன்றா. கைய நீட்டினாலும் எட்டல. கடைசியில அழுது அழுது தானா அடங்கிச்சி. அது தூக்கம்னு அவ சொன்னா. நான் ஒத்துக்கல." தோளில் முந்தானை நழுவியது. உடனே சரிசெய்துகொண்டார். "ரோடு நல்லா இருக்குது, வண்டி நல்லா இருக்குது, கப்பு வெக்க பத்து ஓட்டை இருக்குது. புள்ளய தூக்க ஒரு கை இல்ல. அந்த வண்டிய இங்க ஓட்டாத."

வெற்றிலைப் பெண்களில் ஒருத்தி, "அப்பன் விட்டுட்டுப் போன வண்டிக்கு இம்மா ரூல்ஸா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவ சீட்ல உக்காந்தாதான் வண்டி எடுப்பேன்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எடுக்காத," என்றார் அண்ணி. "நானும் எம் மருமவளும் பஸ்ல போறோம். பஸ்ல போலாமாடி?"

மகள் என் கையை உதறிவிட்டுக் குதித்தாள். அவளுக்குப் பஸ் என்றால் உயிர். இத்தனை பேர் முன்னால் அவளைப் பிடுங்கிக் காரில் ஏற்றுவதா? அவள் அழுவாள். அண்ணி சொன்னது அத்தனையும் அங்கேயே உண்மையாகிவிடும். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவர்கள் ஷேர் ஆட்டோவில் ஏறி பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.

பாலுசெட்டி சத்திரத்தில் அவர்கள் பஸ்ஸில் ஏறுவதை கொஞ்சம் பின்னால் நிறுத்திய காரில் இருந்து பார்த்தேன். முகூர்த்த நாள், படிக்கட்டுவரை கூட்டம். பஸ் கிளம்பியது. நான் அதன் பின்னாலேயே கிளம்பினேன்.

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. காலையில் மடியிலாவது இருந்தாள். பக்கத்தில் கனமான கதவு, நல்ல பிரேக். இப்போது அவள் இருப்பது கதவே மூடாத பஸ்ஸில். நான் நம்பி வாங்கிய வண்டி, நான் பார்த்துப் பார்த்து மாட்டிய சீட்டு, இரண்டும் காலியாக அவள் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன.

கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸின் பின்கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. கடைசி வரிசையில் யாரோ இடம் கொடுத்திருக்க வேண்டும். உட்காரவில்லை. சீட்டின்மேல் நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உட்கார் என்று கையால் காட்டினேன். அவளும் அதேபோல் கையைக் காட்டினாள். ஹாரன் அடித்தேன். விளையாட்டு என்று நினைத்து எம்பிக் குதித்தாள். அடிப்பதை நிறுத்திவிட்டேன். பிறகு கை, ஹாரன், எதுவுமில்லாமல், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அவளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

கீழம்பியில் திரும்பியதும் ஒரு வேகத்தடை. பஸ் டிரைவர் கடைசி நேரத்தில்தான் பார்த்திருப்பார் போல. பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் பிரேக்கை அழுத்தினேன். எங்கள் வண்டி எப்போதும் போல் சொன்ன இடத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் மகள் இல்லை.

யாருடைய முதுகோ தெரிந்தது. ஒரு பை தெரிந்தது. பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. நானும் பஸ்ஸில் ஏறியிருக்கலாம், காரை எங்கேயாவது ஓரமாக விட்டுவிட்டு ஏறியிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அதுவரை தோன்றவே இல்லை. கார் இருக்கும்போது பஸ்ஸில் ஏறுவது என்ற எண்ணமே எனக்கு வராது.

பிறகு, கண்ணாடியின் கீழ் விளிம்பில் முதலில் பூ வைத்த பின்னல், அப்புறம் நெற்றி, அப்புறம் கண்கள். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு வளையல் கை வந்து அவளைக் கீழே இழுத்துக்கொண்டது. அதன்பிறகு காஞ்சிபுரம் வரும்வரை அவள் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். அண்ணி கூட்டத்திலிருந்து வந்தார். மகள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணியின் அரக்குப் பட்டு முழங்கால்வரை கசங்கியிருந்தது, கரையில் யாரோ மிதித்த செருப்புத் தடம். பெல்ட் இவ்வளவு செய்திருக்காது. அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. தோளை ஒருமுறை உயர்த்தி இறக்கினார்.

"கை மரத்துப் போச்சி. கதவத் தொற."

முன்கதவைத் திறந்தேன். அவர் பின்கதவைக் கண்ணால் காட்டினார். குனிந்து, தூங்குகிற குழந்தையைத் தானே அந்தச் சீட்டில் கிடத்தினார். "இத எங்க மாட்டணும்?" என்று பட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் மாட்டினேன். மகள் அசையக்கூட இல்லை.

அண்ணி முன்னால் வந்து உட்கார்ந்தார். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விடாமல் மார்பின் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்து, "இனிமே கசங்க இன்னா இருக்குது?" என்றார்.

சிரிப்பு வந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. எதற்கு என்று தெரியாததால் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் மாடு, ஆட்டோ, கோயிலுக்கு வந்த வேன்கள். நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவ்வளவு மெதுவான பயணத்தில் நாங்கள் மூன்று பேரும் பெல்ட் போட்டிருந்தோம்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அண்ணி அவரிடம், "பஸ்லதான்பா வந்தோம். ஒண்ணும் ஆவல, நல்லாதான் வந்தோம்" என்றார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன், பஸ் குலுங்கியதே, அப்போது என்ன ஆயிற்று என்று. "அத்த புடிச்சிக்கிச்சி" என்றாள். மறுநாள் காலையில் சும்மா கேட்பது போலத் திரும்பக் கேட்டேன். "நான் உழுந்தேன். நானே எழுந்துக்கினேன்" என்றாள். இரண்டில் எது என்று இன்னும் எனக்குத் தெரியாது. அண்ணியிடம் கேட்கவும் துணிவில்லை.

வருகிற முகூர்த்தம் அய்யம்பேட்டையில். அண்ணி நேற்றே வந்து எந்தப் பட்டு கட்டலாம் என்று கேட்டுவிட்டுப் போனார். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்டது, இன்னும் மடிப்புக் கலையாதது. நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அவர் போனதும் வாசலுக்கு வந்து, காரின் பின்கதவைத் திறந்து, குழந்தை சீட்டின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். மாட்டித்தான் இருந்தது. இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன்.