சங்கிலியில் சிக்கிய சாறி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் பெற்றவள் நான். கந்தோர் வேலைக்குப் போய்வரப் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன்.

"சாறியோட ஓடுறதெண்டா செயின் கவர் போடுங்க, பிள்ள," என்றார் சைக்கிள் திருத்துபவர்.

அழகு கெடுமென்று மறுத்து, கூடையும் மணியும் மட்டும் பூட்டச் சொன்னேன்.

முதல் நாள், மழை இருட்டில், வாவிப் பாலத்தின் நடுவே சாறி சங்கிலியில் சிக்கி விழுந்தேன். இழுக்க இழுக்க இறுகியது. பின்னால் பஸ் ஹோன் சத்தம் நெருங்கியது. எதிரே வந்த மீன் வியாபாரி கத்தியோடு ஓடிவந்தார்.

"ஐயோ, சாறிய வெட்டாதீங்க!"

"அப்ப ஆளையா வெட்டுற? அசையாதீங்க, தங்கச்சி!"

துணியை அறுத்து என்னை ஓரத்துக்கு இழுத்தார். பஸ் சைக்கிளை நசுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றது.

விபத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாவு அவ்வளவு கிட்ட வந்தபோது நான் எதற்காகக் கத்தினேன் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.