பாங்காக் மொட்டை மாடியில் இரண்டு பேர் மேசை

என் வீட்டுக்காரர் இவருக்கு நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் என்றால் சாயங்காலம் தூங்குவார். செகண்ட் ஷிப்ட் என்றால் வீட்டிலேயே இருக்கமாட்டார். இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்காவது சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். டிசம்பரில் பாங்காக் என்று முடிவானது. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது இவருக்குப் பதிலாக ஷிப்ட் பார்க்க வேண்டிய ரிலீவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். லீவும் போச்சு.

"டிக்கெட்ட வீணாக்காத. நீயாவது போய்ட்டு வா" என்றார். கோபத்தில் கிளம்பியே விட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது ஆட்டோக்காரர் கேட்டார்: "சார் வரலீங்களா?"

"ஷிப்ட்."

"அப்ப சரிங்க."

சென்னை விமான நிலையம் வரை பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம்தான்.

சனாம் சாய் மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆற்றங்கரை. எதிர்க்கரையில் வாட் அருண் கோயில், அதன் பின்னால் சூரியன். கரையோர உணவகத்தின் மொட்டை மாடியில் இரண்டு பேருக்குச் செய்திருந்த முன்பதிவை மாற்ற மறந்துவிட்டேன். மேசையில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். சோறு, பொரித்த மீன், மாம்பழ ஜூஸ் எல்லாம் சேர்த்து ஐந்நூறு பாட்.

"கணவர் எப்போது வருவார்?" என்று பரிமாறும் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஷிப்ட்" என்றேன். ஷிப்ட் முடிந்து வந்துவிடுவார் என்று நினைத்து அவள் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். இந்தியாவில் வேலையில் இருக்கிறார், வரமாட்டார் என்று விளக்கினேன். முகம் வாடி, என் தோளைத் தொட்டு, "ஸாரி" என்றாள்.

"அடிப்பாவி, அவரு நல்லாத்தான்டி இருக்காரு!" என்றேன் தமிழில். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

பாதி மீனை அந்த இன்னொரு தட்டில் வைத்து, சோறு வந்த காலித் தட்டால் மூடினேன். ஷிப்ட்காரர் வீட்டுக் கை, தானாகவே செய்துவிடும். அவருக்கு அனுப்பலாமென்று கைப்பிடிச் சுவரோரம் போய் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் மேசை காலி. மூடினால் முடிந்தது என்று நினைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அழுதே விட்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஐந்துக்கே போய்விடுங்கள். தனியாகப் போனால் ஒருவருக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். தட்டை மட்டும் மூடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்றும் இவருக்கு செகண்ட் ஷிப்ட். இவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, என் தட்டோடு குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிக்குப் போனேன். அங்கேயும் சூரியன் அழகாகத்தான் இறங்கியது. துணி எடுக்க வந்த கீழ்வீட்டுப் பெண், "தனியா உக்காந்துகினு சாப்பிடுறீங்க? சார் எங்கக்கா?" என்றாள்.

"ஷிப்ட்."

"ஓ" என்று துணியை மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாங்காக்காரியாவது ஸாரி சொன்னாள்.