வாசலைத் தாண்டிப் போன புறப்பாடு

இன்று காலை என் கைபேசி என்னைக் கைவிட்டது. கரண்ட் பில் கட்டும் செயலியைப் புதுப்பிக்கப் போனால், ‘உங்கள் போனில் இது இயங்காது’ என்று ஒரே வரி. பதற்றத்தில் டிராயரைக் குடைந்து, அதைவிடப் பழைய போன் ஒன்றைத் தேடி எடுத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

கையில் வந்தது மாமனாரின் போன். உறையில் இன்னும் பச்சைக் கற்பூர வாசனை. பெருமாள் அலமாரியில்தான் அதை வைத்திருப்பார். சரியாகச் சொன்னால் அது என் போன். ஸ்ரீரங்கத்தில் வழக்கம் அப்படி: பிள்ளையோ மாப்பிள்ளையோ புதுசு வாங்கினால் பழசு பெரியவருக்கு. சொத்தெல்லாம் மேலிருந்து கீழே வரும். போன் மட்டும் கீழிருந்து மேலே ஏறும்.

அதில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு செயலி. எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடியில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனி செய்தது. பெருமாள் புறப்பாடு வீதி முனைக்கு வந்ததும் போன் அதிரும். மாமனாருக்குக் காது மந்தம். நாதஸ்வரம் வாசலுக்கே வந்தாலும் தெரியாது. அதற்குமுன் எதிர்வீட்டு சம்பத் மாமாதான் நேரே உள்ளே வந்து தோளை உலுக்குவார். “ஓய், பெருமாள் ஏளறார், எழுந்திரும்!” எழுந்தருளுகிறார் என்பது ஸ்ரீரங்கத்து வாயில் அப்படித்தான் வரும்.

செயலி வந்ததும் மாமனார் பெருமையாகச் சொல்லிவிட்டார்: “இனிமே உமக்குச் சிரமம் வேண்டாம் சம்பத். மாப்பிள்ளை போன்லயே பண்ணிக் குடுத்துட்டார்.” எனக்கு உச்சி குளிர்ந்தது.

பழைய மாடல்களில் செயலி அடிக்கடி நின்றுபோனது. “அதையெல்லாம் விட்டுடலாமா சார்?” என்றாள் கூட வேலை பார்த்த கவிதா.

“அந்த போனை இன்னும் யாருங்க வச்சிருக்கப் போறாங்க?” என்று முந்திக்கொண்டு கேட்டவன் நான். எங்கள் மேசையில் சோதனைக்கு இருந்தவை எல்லாம் புதுப் போன்கள். பழையவை அவரவர் அப்பா அம்மாவிடம் இருந்தன. அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பங்குனி உற்சவ நேரத்தில், ஒரு காலையில், செயலியின் பழைய பதிப்பை நிறுத்திப் புதியதை வெளியிட்டோம். இனிப்புகூட வாங்கினோம். வாயில் மைசூர்பாகோடு இருந்தபோது மனைவி கூப்பிட்டாள்.

“அப்பா போன்ல ஏதோ வரதாம். ‘இந்த போனுக்கு இனிமே கிடையாது’ங்கறதாம். என்ன கிடையாது?”

மைசூர்பாகை அப்படியே விழுங்கினேன். பைக்கை விரட்டினேன். பெருமாள் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று காவிரிப் பாலம் நெடுக அந்தப் பெருமாளிடமே வேண்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், வேறு யாரிடம் போவது?

வீதியில் கோலங்கள் கலைந்திருந்தன. எங்கள் வாசலில் யானை விட்டுப்போன அடையாளத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“உம்ம ஆப்தான் இருக்கே, மாமனார் வெளியே வருவார்னு நினைச்சேன்” என்றார் சம்பத் மாமா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே மாமனார், பளிச்சென்ற திருமண்ணும் பஞ்சகச்சமுமாக, தட்டில் தேங்காய் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியில் போன்.

“வாங்கோ மாப்பிள்ளை. கை தவறி எதையோ அமுக்கிட்டேன் போலிருக்கு. உங்க உழைப்பைப் பாழாக்கிட்டேன். பெருமாள் ஏள இன்னும் நாழியாகுமா?”

எதற்கும் ஒரு வேடிக்கை சொல்லிச் சமாளிக்கிறவன் நான். அன்று வேடிக்கையை விட்டுவிட்டு, “ஏளியாச்சு மாமா” என்று அவர் காதில் கத்தினேன். “நிறுத்தினது நான்தான்” என்றும் கத்தினேன். அது தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் தட்டைப் பார்த்தார். அதை ஓரமாக நகர்த்திவிட்டு, “காபி சாப்பிடறேளா?” என்றார்.

மாமனார் போய்விட்டார். கம்பெனி செயலியையே மூடிவிட்டது. அந்த வீட்டில் இப்போது நாங்கள் இருக்கிறோம். போன புறப்பாட்டன்று மேளம் கேட்டதும் எதிர்வீட்டுக்கு ஓடினேன். சம்பத் மாமாவுக்கும் இப்போது காது கேட்பதில்லை. வெளியூரில் இருக்கும் மகன் கேமரா வைத்து, கம்பிக் கதவுக்குப் பூட்டும் போட்டிருந்தான். கேமராவைப் பார்த்துக் கையாட்டினேன். கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அவருடைய தோள் எட்டவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் யானை மணி கேட்டது. உள்ளே மாமா, மகன் கொடுத்த பழைய போனை மடியில் வைத்து, மூடிப்போன எங்கள் செயலியில் அது அதிரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.